முறைமைக் கோப்புச் சிதைவு

முறைமைக் கோப்புச் சிதைவு என்பது கணினியின் இயக்குதளம் இயங்குவதற்குத் தேவையான கோப்புகளில் ஒன்றோ பலவோ அழிந்துபோவது, பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோவது அல்லது உள்ளடக்கம் மாறிவிடுவது ஆகும். பேச்சு வழக்கில் "விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது", "ஓஎஸ் போய்விட்டது" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவே. பயனரின் படங்கள், ஆவணங்கள், சான்றிதழ் நகல்கள் போன்றவை இந்தச் சிதைவினால் நேரடியாக அழிவதில்லை. அவை அழிவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, கணினியைச் சரிசெய்வதாக எண்ணி வன்தட்டை ஃபார்மட் செய்யும்போதுதான்.

இக்கட்டுரை விண்டோஸ் இயக்குதளம் உள்ள வீட்டுக் கணினிகளைப் பற்றியது. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர், அதிலிருந்து பிரிந்து 2007 முதல் தனி மாவட்டமாக இருந்துவரும் அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் சூழல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. கட்டளைகள் கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யப்பட வேண்டியவை. இங்கே அவற்றின் ஒலிப்பு தமிழில் தரப்பட்டுள்ளது.

முறைமைக் கோப்புகள் எவை

விண்டோஸின் முக்கியக் கோப்புகள் சி டிரைவில் உள்ள "விண்டோஸ்" கோப்புறைக்குள், குறிப்பாக "சிஸ்டம்32" என்ற உட்கோப்புறையில் இருக்கின்றன. பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் டிஎல்எல் கோப்புகள், அச்சுப்பொறி முதல் ஒலி அட்டை வரை வன்பொருளுடன் பேசும் டிரைவர் கோப்புகள், கணினியின் எல்லா அமைப்புகளையும் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்புகள் ஆகியவை இவற்றுள் அடங்கும்.

விண்டோஸ் தன் கோப்புகளின் நல்ல படிகளைத் தானே ஒரு கிடங்கில் சேமித்து வைத்திருக்கிறது. "வின்எஸ்எக்ஸ்எஸ்" என்ற பெயரில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் அது அளவில் பெரியது. இடத்தை அடைக்கிறது என்று கருதி அதைக் கையால் அழிக்க முயல்பவர்கள் உண்டு. வீட்டின் மாற்றுச் சாவியைத் தூக்கி எறிவதைப் போன்றது அது. பின்னால் சொல்லப்படும் சீராக்கக் கருவியான எஸ்எஃப்சி இந்தக் கிடங்கை நம்பியே இயங்குகிறது.

அறிகுறிகள்

நீலத்திரை தோன்றிக் கணினி தானாக மீண்டும் தொடங்குவது, தொடக்க மெனு திறக்காமலிருப்பது, ஒரு டிஎல்எல் கோப்பு காணவில்லை என்ற செய்தி வருவது, விண்டோஸ் புதுப்பிப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் தோற்றுப்போவது, விண்டோஸ் சின்னத்துடன் திரை நின்றுவிடுவது ஆகியவை வழக்கமான அறிகுறிகள். டிஎல்எல் காணவில்லை என்ற செய்தியைக் கண்டதும் அந்தக் கோப்பை மட்டும் ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து பதிவிறக்கி ஒட்டுவது ஆபத்தானது. அப்படிக் கிடைக்கும் கோப்பு வேறு பதிப்பினதாக இருக்கலாம், தீநிரலாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் ஒரு பொய் அறிகுறியும் உண்டு. தட்டச்சு நிலையத்தில் செய்து வாங்கிய தமிழ் ஆவணத்தை வீட்டில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். உண்மையில் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறிமுறையில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துரு வீட்டுக் கணினியில் இல்லை, அவ்வளவே. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பின்னும் பழைய குறிமுறைகளின் புழக்கம் முற்றிலும் நின்றுவிடவில்லை. எழுத்துருவை நிறுவினாலோ ஒருங்குறிக்கு மாற்றினாலோ ஆவணம் சரியாகிவிடும். இதற்காக இயக்குதளத்தைத் தொட வேண்டியதில்லை.

மின்வெட்டும் பாதி எழுதிய கோப்பும்

சிதைவுக்கான காரணங்களில் முதலாவது, கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மின்சாரம் நின்றுபோவது. "சேமி" என்று பயனர் சொன்ன நொடியிலேயே தரவு வன்தட்டில் எழுதப்படுவதில்லை. வேகத்துக்காக விண்டோஸ் அதைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதுகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்தது மறைந்துவிடும். வன்தட்டில் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கோப்பு மிஞ்சும்.

விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை, தான் செய்யப்போகும் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டே செய்கிறது. ஆகவே மின்சாரம் போய் வந்த பின்னும் கோப்புறைகளின் அமைப்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் அந்தக் குறிப்பேட்டில் பதியப்படுவது கோப்பின் பெயர், இடம், அளவு போன்ற விவரங்கள்தான். கோப்பின் உள்ளடக்கம் அதில் இல்லை. பெயரும் அளவும் சரியாக இருந்தும் உள்ளே வெறும் பூச்சியங்கள் நிறைந்த கோப்புகள் தோன்றுவது இதனால்தான். விண்டோஸ் புதுப்பிப்பு நடக்கும்போது ஒரே நேரத்தில் ஏராளமான முறைமைக் கோப்புகள் மாற்றப்படுவதால், அந்த நேரத்து மின்வெட்டு மற்ற நேரத்ததைவிட மோசமானது.

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் மின்பற்றாக்குறை கடுமையாக இருந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. மேசைக்கணினி வைத்திருந்த வீடுகளில் ஒரு நாளில் பலமுறை கணினி திடீரென அணைந்தது. அந்த நிலை இன்று இல்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தமும், கோடை மழையிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் வரும் நொடிப்பொழுது மின்தடைகளும் தொடர்கின்றன. பராமரிப்பு நிறுத்தம் துணை மின்நிலைய வாரியாக நாளிதழ்களில் முன்கூட்டியே அறிவிக்கப்படுவது. அன்று காலையில் விண்டோஸ் புதுப்பிப்பைத் தொடங்காமலிருப்பது செலவில்லாத பாதுகாப்பு.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மை. கணினியின் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி, உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகும் ஏறத்தாழ 16 மில்லிநொடி வரை தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டர் அதற்குள் மின்கலத்துக்கு மாற வேண்டும். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அது யுபிஎஸ் நிலையில் இருந்தால் மாற்றம் சுமார் 10 மில்லிநொடியில் நடந்துவிடும், கணினி அணையாது. சாதாரண நிலையில் இருந்தால் மாற்றத்துக்குப் பிடிக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு. மின்விசிறியும் குழல்விளக்கும் அதைக் கண்டுகொள்வதில்லை, கணினி மட்டும் அணைந்து எழும். "இன்வெர்ட்டர் இருந்தும் சிஸ்டம் ஆஃப் ஆகிறது" என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் அந்தச் சுவிட்சில் இருக்கிறது. கணினிக்கென்றே விற்கப்படும் 600 விஏ அளவு யுபிஎஸ், சேமித்துவிட்டு முறைப்படி அணைப்பதற்குத் தேவையான சில நிமிடங்களைத் தரும். மின்கலம் செத்துப்போன மடிக்கணினி இந்த வகையில் மேசைக்கணினிதான்.

பிற காரணங்கள்

அரியலூர் சுண்ணாம்புக்கல் மிகுந்த பகுதி. தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகத்தின் அரியலூர் ஆலை 1979இல் தொடங்கப்பட்டது; பின்னர் தனியார் ஆலைகளும் பல வந்தன. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் இடையே லாரிகள் ஓடும் சாலைகளை ஒட்டிய வீடுகளில் நுண்தூசி படிவது அன்றாட விஷயம். தூசி நேரடியாகக் கோப்பைக் கெடுப்பதில்லை. செயலியின் மேலுள்ள வெப்பத்தணிப்பானின் இடுக்குகளை அது அடைக்கிறது, செயலி சூடேறுகிறது, குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டியதும் கணினி தன்னைக் காத்துக்கொள்ள உடனே அணைந்துவிடுகிறது. விளைவு மின்வெட்டைப் போன்றதே. மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காற்றூதியால் தூசியை அகற்றலாம்.

வன்தட்டின் முதுமை அடுத்த காரணம். சுழலும் வன்தட்டில் சில பகுதிகள் படிக்க முடியாதவையாகிவிடும்போது, அங்கே ஒரு முறைமைக் கோப்பு இருந்தால் அதுவும் போய்விடும். நினைவகமான ரேமில் பிழை இருந்தால் நிலைமை குழப்பமானது: வன்தட்டில் இருக்கும் நல்ல கோப்பே படிக்கப்படும்போது தவறாகத் தெரியும். ஒரே சோதனையை மூன்று முறை செய்து மூன்று வேறு விடைகள் வந்தால் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் கருவி அதைச் சோதிக்கும். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டுவது பழுதுபார்ப்போரின் பழைய வழக்கம். தொடுமுனையில் படிந்த அழுக்கு காரணமாக இருந்தால் அது உண்மையாகவே பலனளிக்கும்.

உரிமம் வாங்காத விண்டோஸை உரிமம் பெற்றதுபோல் காட்டும் சிறு நிரல்கள், உரிமத்தைச் சரிபார்க்கும் முறைமைக் கோப்புகளில் கைவைக்கும் வகையைச் சேர்ந்தவை. பலவற்றில் தீநிரலும் சேர்ந்தே வருகிறது. இப்படிப்பட்ட கணினியில் சீராக்கக் கருவியை இயக்கினால், மாற்றப்பட்ட கோப்பை அது மீண்டும் மூலக்கோப்பாக்கிவிடும். உரிமம் இல்லை என்ற செய்தி திரையில் வந்து நிற்கும். கருவி கணினியைக் கெடுத்துவிட்டதாக அப்போது தோன்றுவது இயல்பு.

காவல் காக்கும் மென்பொருளே சிதைவுக்குக் காரணமான நிகழ்வுகளும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி நச்சுநிரல் தடுப்பானின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் "எஸ்விசிஹோஸ்ட்" என்ற இன்றியமையாத கோப்பைத் தீநிரல் என்று தவறாகக் கருதி ஒதுக்கி வைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் வழங்கப்பட்டன. அதற்கான அடிப்படைத் தீர்வு பாதுகாப்பு நிலையில் கணினியைத் தொடங்கி அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான். அதற்கு வன்தட்டை ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கவில்லை.

முதலில் காப்பாற்ற வேண்டியவை

எந்தச் சீராக்கத்துக்கும் முன்னால் பயனரின் கோப்புகள் வேறிடத்துக்குப் படியெடுக்கப்பட வேண்டும். ஒரு குடும்பத்தின் கணினியில் சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றின் நகல்கள், இறுதியாண்டு மாணவரின் திட்ட அறிக்கை, கைப்பேசியிலிருந்து இறக்கி வைத்த பத்தாண்டுப் படங்கள் எல்லாம் இருக்கக்கூடும். விண்டோஸை மீண்டும் நிறுவ ஒரு மணி நேரம் போதும். அந்தப் படங்களுக்கு அப்படியொரு வழி இல்லை.

இங்கே ஒரு தவறான புரிதல் பலரின் கோப்புகளைப் பறித்திருக்கிறது. "சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும், டி டிரைவில் இருப்பது அப்படியே இருக்கும்" என்பது சரிதான். ஆனால் திரையின் முகப்பில் கண்ணுக்கு எதிரே தெரியும் கோப்புகள், "டாக்குமென்ட்ஸ்", "டவுன்லோட்ஸ்", "பிக்சர்ஸ்" ஆகிய கோப்புறைகள் அனைத்தும் வழக்கமான அமைப்பில் சி டிரைவுக்குள்ளேயே, "யூசர்ஸ்" என்ற கோப்புறையில் இருக்கின்றன. முகப்பில் இருப்பது எந்த டிரைவிலும் சேராத தனி இடம் என்று நினைப்பவர்கள், பழுதுபார்க்கும் கடையில் "சி-யில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுகின்றனர். கடைக்காரரும் அந்தச் சொல்லை நம்பியே வேலையைத் தொடங்குகிறார். யூசர்ஸ் கோப்புறையை முழுவதும் படியெடுக்கச் சொல்வதே இதற்கு மாற்று.

விண்டோஸ் தொடங்கவே மறுத்தாலும் கோப்புகளை எடுக்க வழி உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் இயக்குதளத்தை வேறொரு கணினியில் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பழுதான கணினியைத் தொடங்கினால், வன்தட்டில் எதையும் நிறுவாமலேயே சி டிரைவைத் திறந்து படியெடுக்கலாம். தமிழ்நாட்டு மாணவர்கள் பலரிடம் இந்த வசதி தெரியாமலேயே இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயக்குதளம் அது. விண்டோஸ் சிதைந்த நாளில், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பாஸைத் தேர்ந்தெடுத்திருந்தால் உள்ளே சென்று கோப்புகளை எடுத்திருக்கலாம். பயன்படுத்தாத இயக்குதளம் இடத்தை அடைக்கிறது என்று அதை நீக்கியவர்கள், ஆபத்துக்கால வாசலையும் சேர்த்தே அடைத்துவிட்டனர்.

புதிய கணினிகளில் ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் வன்தட்டு பிட்லாக்கர் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். மீட்புத் திரைக்குள் சென்றால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். முதன்முதலில் கணினியை அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பொதுவாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்கியபோது விற்பனையாளரே ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியில் கணக்கைத் திறந்து கொடுத்திருந்தால், கணினி நன்றாக ஓடும் காலத்திலேயே அதைச் சொந்தக் கணக்காக மாற்றி, குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. குறியீடு இல்லாமல் அந்தத் தரவை எந்தக் கடையிலும் மீட்க முடியாது.

சீராக்கும் முறை

கோப்புகள் பத்திரமான பிறகு, முதலில் வன்தட்டின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள், வன்தட்டு தன்னைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் குறிப்புகளைப் படித்துக் காட்டும். எச்சரிக்கை நிறம் காட்டினால் மென்பொருள் சீராக்கத்தில் நேரத்தைச் செலவிடுவதில் பயனில்லை. வன்தட்டை மாற்றுவதே வழி. "செக்டிஸ்க்" கட்டளையின் "/ஆர்" வகை வன்தட்டின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்ப்பதால், சாகும் நிலையிலுள்ள வன்தட்டை அது இன்னும் விரைவாகச் சாகடிக்கக்கூடும். படியெடுக்கும் முன் அதை இயக்கக் கூடாது. வன்தட்டு நலமாக இருந்து, மின்வெட்டுக்குப் பின் கோப்பு அமைப்பை மட்டும் சரிபார்க்க வேண்டுமானால் "/எஃப்" போதும்.

அடுத்தது முறைமைக் கோப்புகள். தேடல் பெட்டியில் "சிஎம்டி" என்று தட்டச்சு செய்து, வரும் கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறக்க வேண்டும். இங்கே இரு கருவிகள் உள்ளன. எஸ்எஃப்சி விண்டோஸ் 98 காலத்திலிருந்தே உள்ளது. ஒவ்வொரு பாதுகாக்கப்பட்ட கோப்பையும் அது சோதித்து, கெட்டதைக் கிடங்கிலுள்ள நல்ல படியால் மாற்றுகிறது. ஆனால் கிடங்கே கெட்டிருந்தால் எஸ்எஃப்சியால் ஒன்றும் செய்ய இயலாது. கிடங்கைச் சரிசெய்வது விண்டோஸ் 8 முதல் டிஸ்ம் என்ற கருவியின் வேலை. ஆகவே டிஸ்மை முதலிலும் எஸ்எஃப்சியை அதன் பின்னும் இயக்குவது மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் வரிசை.

டிஸ்ம் கட்டளை "டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்" என்பது. ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்னும் ஓர் இடைவெளி வேண்டும். நல்ல கோப்புகளை அது மைக்ரோசாஃப்ட் சேவையகத்திலிருந்து இணையம் வழியே பெறுகிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் ஊர்களில் அன்றைய தரவு அளவைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். இணையம் மெதுவாக இருந்தால், அதே பதிப்பு விண்டோஸின் நிறுவல் பென்டிரைவை மூலமாகக் காட்டவும் வழி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டில் நெடுநேரம் நின்றுவிட்டதுபோல் தோன்றும்; அப்போது பொறுமை இழந்து கணினியை அணைப்பது, எதைச் சரிசெய்ய வந்தோமோ அதையே மீண்டும் உண்டாக்கும்.

டிஸ்ம் முடிந்ததும் "எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்". முடிவில் வரும் செய்தி மூன்று வகைப்படும். குறை எதுவும் இல்லை என்றால் பிரச்சினை வேறிடத்தில் உள்ளது. கெட்டவை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டன என்றால் கணினியை மீண்டும் தொடங்கிப் பார்க்கலாம். கெட்டவை கண்டறியப்பட்டன, சிலவற்றைச் சரிசெய்ய இயலவில்லை என்றால், மறுதொடக்கத்துக்குப் பின் இன்னொரு முறை இயக்கலாம். விண்டோஸ் 7 உள்ள பழைய மடிக்கணினிகளில் டிஸ்மின் இந்த வசதி கிடையாது, எஸ்எஃப்சி மட்டுமே. மற்ற நிறுவனங்களின் டிரைவர்களையோ பயனரின் ஆவணங்களையோ இக்கருவிகள் சரிசெய்வதில்லை.

விண்டோஸ் தொடங்காத கணினியில், தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடக்கம் தோற்றால் மீட்புத் திரை தானாகவே வரும். அதில் தொடக்கச் சீராக்கமும், முந்தைய நாளின் அமைப்புக்குத் திரும்பும் சிஸ்டம் ரெஸ்டோரும், கட்டளைச் சாளரமும் உள்ளன. சிஸ்டம் ரெஸ்டோர் ஆவணங்களைத் தொடுவதில்லை. ஆனால் பல கணினிகளில் அது முன்னிருப்பாக அணைந்தே இருக்கும். சிதைவுக்குப் பின் அதைத் தேடினால் திரும்புவதற்கு நாள் இருக்காது.

ஃபார்மட் எப்போது

கருவிகள் தோற்றாலும் ஃபார்மட்டுக்கு முன் ஒரு படி மீதமிருக்கிறது. விண்டோஸ் உள்ளே செல்ல முடிகிற நிலையில், அதே பதிப்பின் நிறுவல் கோப்பை உள்ளிருந்தபடியே இயக்கி, கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தால், முறைமைக் கோப்புகள் மட்டும் முழுவதும் புதிதாக எழுதப்படும். கடைகளில் இது அதிகம் செய்யப்படுவதில்லை. நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஃபார்மட் செய்து புதிதாக நிறுவுவது விரைவானது, முடிவும் உறுதியானது. குறைந்த கூலிக்கு வேலை செய்யும் கடைக்காரரின் கணக்கில் அதில் நியாயம் இருக்கிறது. கோப்புகளின் மதிப்பு அவருக்குத் தெரிய வழியில்லை என்பதால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை வாடிக்கையாளர் கணினியை ஒப்படைக்கும்போதே எழுதிக் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

தீநிரல் ஆழமாகப் புகுந்த கணினியிலும், உரிமம் உடைக்கப்பட்ட விண்டோஸ் ஓடும் கணினியிலும் ஃபார்மட் செய்து புதிதாக நிறுவுவதே சரி. அப்படி நிறுவியும் சில வாரங்களில் அதே நீலத்திரை திரும்பினால் கோளாறு மென்பொருளில் இல்லை. மூன்றாம் முறை விண்டோஸ் போடும் கூலியை மிச்சப்படுத்தி, ரேமையும் வன்தட்டையும் சோதித்துவிட்டு, மேசைக்கணினியாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை வேறொன்றால் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.